கடைசிப் பக்கம் வரை

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு ஒரு மெயில் போட்டு, எதற்காக, எந்த இடத்தில் பெயர் வருகிறது என்று விவரம் சொல்லி, எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவாள். ஆனால் அனுப்பியதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறாய், திருத்தி மறுபடியும் அனுப்பு என்பாள். அந்த வம்பு எனக்கு வேண்டாம். அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம், அவளைவிட வயதில் மூத்த ஜி.எம். உட்பட.

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. நான் அங்கே மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அக்கா கம்ப்ளையன்ஸ். பையர் போடுகிற விதிகள் ஃபேக்டரிக்குள் நடக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. என் பக்கத்து மேஜை. முதல் நாளே "ஏட்டி, அந்த ஸ்டேப்ளரைக் குடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் புகுந்த நாயைக்கூட 'அக்கட்டால போங்க சாமி' என்று விரட்டுகிற ஊரில் பிறந்தவள் நான். அக்கா குடும்பத்தின் தூத்துக்குடிப் பக்கத்தில் 'ஏட்டி' என்றால் அன்பு என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. புரிந்த பிறகு அவள் ஒருநாள் 'ஏட்டி' சொல்லாவிட்டால் என்ன கோபமோ என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

அவளிடம் இருந்த ஒரே பைத்தியம் படிப்பது. கதைப் புத்தகம் இல்லை, நிபந்தனைகள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், லிஃப்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் எதையும் விடமாட்டாள். தலைவலி மாத்திரை வாங்கினால், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை விரித்துப் படித்து முடிப்பதற்குள் தலைவலி தானாகப் போயிருக்கும். விரலை வரிமேல் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை போவாள். யாராவது சிரித்தால் நிமிராமலே சொல்வாள்: "படிக்காம போடுத கையெழுத்து, கண்ணைக் கெட்டிக்கிட்டு பல்லடம் ரோட்டைத் தாண்டுத மாதிரி."

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருக்கும் தொழிலில் எதற்கும் டாலரன்ஸ் உண்டு. அளவுச் சார்ட்டில் மார்பு இவ்வளவு என்று போட்டால், கூடக்குறைய இவ்வளவு இருக்கலாம் என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பனியன் துணி சொன்ன பேச்சு கேட்காது. இழுத்தால் நீளும், துவைத்தால் சுருங்கும். அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் 'கூடக்குறைய எவ்வளவு' என்று கேட்கத் தோன்றும். விருந்துக்கு எத்தனை பேர், பஸ் எப்போது, மாப்பிள்ளைக்கு என்ன வயசு, எல்லாவற்றுக்கும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அக்காவிடம் மட்டும் அந்தச் சரக்கு கிடையாது.

ஒரு தடவை குழந்தைச் சட்டை ஆர்டர். லாரி வாசலில் நிற்கிறது, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒட்டிக் காட்டிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது விதி. முனைத் துண்டு ஒன்றைக் காணோம். கடுகைவிடச் சின்னது. தைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் அக்காவைப் பார்த்து "தீதி, தீதி" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். லைன் இன்சார்ஜ் அவளைப் பிடித்துக் கத்துகிறார், அப்படியே திரும்பி அக்காவையும் ஒரு பிடி பிடிக்கிறார்.

"ஏனுங்கக்கா, லாரி நிக்குதுங்க! ஒரு முனை போனா என்னங்க, ஊசியென்ன ஊட்டுக்கா போயிருக்கும்? மெட்டல் டிடெக்டர்ல உட்டா தெரிஞ்சுட்டுப் போவுது!"

"டிடெக்டர் ரெண்டாவது. தேடுதது முதல்ல. அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் அக்கா. பிறகு அந்த ஒடிசாப் பெண்ணின் தோளில் கையை வைத்து, இன்சார்ஜைப் பார்த்துச் சொன்னாள்: "ஊசி உடைஞ்சா தேடணும்னு போட்டிருக்கு. திட்டணும்னு எங்கயும் போடல."

லைன் முழுக்க நிறுத்தப்பட்டது. ஜி.எம். வந்தார், பல்லைக் கடித்தார், போனார். காந்தத்தைக் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள். கடைசியில் முனை அகப்பட்டது, கத்திக்கொண்டே மேலும் கீழும் நடந்த இன்சார்ஜின் செருப்புக்கு அடியில். அவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்தது. இவள் விதிக்குப் பயந்தவள் இல்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பயமில்லாமல் பார்க்கிறவள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற முறைகளைப் பற்றி மேல்படிப்பு. ஐரோப்பாவில் ஒரு குளிர் ஊர். அவள் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷச் செய்தியோடு நிபந்தனைகளும் வந்தன. சராசரி மனுஷர்கள் செய்தியைப் படித்துவிட்டு ஸ்வீட் வாங்கப் போவார்கள். அக்கா நிபந்தனைகளை அச்செடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு வந்தாள். தக்காளி சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

முழுநேரமும் படிக்க வேண்டும். சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கக் கூடாது. எடுத்த பாடத்தை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. படிப்பு எப்படிப் போகிறது என்று அவ்வப்போது எழுத வேண்டும். படிப்புக் காலத்தில் முன் அனுமதி இல்லாமல் அந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. முகவரியோ குடும்ப நிலையோ மாறினால் தெரிவிக்க வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி, இரண்டு வருஷம் இருக்க வேண்டும். மீறினால் கொடுத்தது எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஜி.எம். மோரைக் குடித்துக்கொண்டே கேட்டார். "சரிங்கக்கா, அந்த ரெண்டு வருசம்னு போட்டிருக்கானே, அதுக்கு டாலரன்ஸ் என்ன?"

"இல்ல சார்."

"இல்லைன்னா எப்படி? கூடக்குறைய ஏதாச்சும் இருக்குமே!"

"பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல சார். ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷந்தாம்."

ஜி.எம்.முக்கு அந்த நாட்டின் மேலேயே மரியாதை போய்விட்டது. "இப்படி இருந்தா எவன் ஆர்டர் எடுப்பான்?" என்று எழுந்து போனார்.

அக்காவின் மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளுடைய அம்மாவின் அண்ணன். தென்பக்கத்திலிருந்து முதலில் திருப்பூருக்கு வந்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கச் சின்னதாக ஒரு ஜாப் வொர்க் யூனிட் போட்டு, தங்கை குடும்பத்தையும் கூட்டிவந்து அக்காவின் அப்பாவுக்குப் பனியன் செக்கிங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர். நல்ல மனுஷர். அக்காவின் கல்லூரிக்குச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஏன் இந்த வீடு, ஏன் இந்தப் பள்ளிக்கூடம், ஏன் இந்தப் பக்கம் ஜன்னல் என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: "நான் சொல்லுதேன்லா." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வழியனுப்ப நானும் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். மாமா பனங்கற்கண்டும் கருப்பட்டியும் ஒரு பையில் கொண்டுவந்து, எடை அதிகம் என்று கவுண்டரில் திருப்பிக் கொடுத்ததும் குழந்தை மாதிரி அழுதார். அழுகையை அடக்கிக்கொண்டே, "நடுவுல லீவு வரும்லா? அப்ப வா. ஊர்ல ஒரு பையன் பாத்து வச்சிருக்கேன், இரும்புக்கடை. கல்யாணத்தை முடிச்சிட்டு மிச்சத்தைப் படி" என்றார். அக்கா கையிலிருந்த விமான டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே போய் அவள் செய்த கூத்து தனிக் கதை. திருப்பூர்த் தொழில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு பழக்கம் அப்ரூவல். பையர் ஓகே சொல்லாமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது. பித்தான் நிறத்துக்குக்கூட மெயில் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அக்கா அந்த ஊரில் உதவித்தொகையைக் கவனிக்கிற அம்மாளை அப்படியே பையராக நினைத்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் மெயில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் பாடினால் முடிவில் சூப்பும் ரொட்டியும் தருகிறார்கள். இது சம்பளத்துக்கு வேலை பார்த்ததாகுமா? பக்கத்து அறைப் பெண்ணின் கோட்டில் அறுந்துபோன பித்தானைத் தைத்துக் கொடுத்தேன், ஒரு சாக்லெட் கொடுத்தாள். இது வருமானத்தில் சேருமா? தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

பதில் ஒரே வரியில் வந்ததாம்: சேராது, சாக்லெட்டைச் சாப்பிடுங்கள்.

அதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டியபோது அக்கா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "நல்ல பொம்பளைட்டி. எது கேட்டாலும் குடுத்துருதாங்க" என்றாள். பிறகு, "இங்க கதவைத் திறந்து வெளிய போனா எங்க போறன்னு கேக்க ஆளே இல்ல. முதல் ஒரு வாரம் அழுகையா வந்துச்சு. இப்ப வேணும்னே ரெண்டு தடவை போயிட்டு வாரேன்" என்றாள்.

நடு விடுமுறை நெருங்கியது. ஒரு நாள் மத்தியானம் கம்பெனி கேட்டில் என்னைத் தேடி மாமா வந்து நின்றார். சட்டையெல்லாம் நூல் பஞ்சு. டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"இந்தப் புள்ள வரமாட்டேங்கா" என்றார். "அனுமதி இல்லாம நாட்டை விட்டு வந்தா படிப்பு போயிருமாம். ரூலாம். போன் போட்டா இதைத்தான் சொல்லுதா. சபையில ஓலை வாசிக்கணும், மண்டபம் சொல்லணும். பையன் வீட்ல கேக்காங்க."

தென்பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பது என்று ஒரு முறை உண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று வாராவாரம் சபையில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள்.

"நான் என்னங்க பண்ணட்டும் மாமா?"

"நீ வெள்ளக்காரனுக்கு நல்லா மெயில் போடுவன்னு சொல்லுவா. அந்த அம்மாளுக்கு ஒண்ணு போடு. குடும்பத்துல விசேஷம், பிள்ளையை விடுங்கன்னு உருக்கமா எழுது. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. போட்டுரு, நான் சொல்லுதேன்லா."

பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு கர்வம். எத்தனை லேட் ஷிப்மென்ட்டுக்கு எத்தனை பையரை உருக வைத்த கை இது. மாமாவை அனுப்பிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அக்காவைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, நானே ஒரு மெயில் அடிச்சுத் தாரனுங்க. நீங்க அனுப்புனாப் போதும். அந்தம்மாதான் எது கேட்டாலும் குடுக்கறாங்களே?"

"அதாண்ட்டி" என்றாள் அக்கா. "கேட்டா குடுத்துருவாங்க. அதனாலதான் கேக்கல."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சூப்புக்கும் சாக்லெட்டுக்கும் அனுமதி கேட்டவள், இதற்குக் கேட்கமாட்டேன் என்கிறாள்.

"அப்ப மாமாகிட்டப் பொய் சொன்னீங்களாங்க்கா?"

"என்ன பொய்? அனுமதி இல்லாம நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. எங்கிட்ட அனுமதி இருக்கா? இல்ல. இதுல எது பொய்?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு வாராவாரம் ஊரையே கேப்பாங்க. பொண்ணுகிட்ட ஒரு நாள் கேப்பாங்களா?"

"கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுல கேப்பாங்களேங்க்கா, சம்மதமான்னு?"

"அப்பக் கேட்டு என்னத்துக்கு? பிரியாணி வெந்துருக்கும்."

அன்றைக்குத்தான் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். இத்தனை நாளாக அவள் ஏன் பொடி எழுத்துக் காகிதங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதற்கு அதில் பதில் இருந்தது. "எழுதுன ரூலுக்குக் கடைசிப் பக்கம்னு ஒண்ணு இருக்கும்ட்டி. அது வரைக்கும் படிச்சிட்டா, நாம எங்க நிக்கோம்னு தெரிஞ்சிரும். எங்க வீட்டு ரூல்லாம் எழுதாத ரூலு. பிறந்ததுல இருந்து படிக்கேன். இன்னும் பக்கம் வந்துக்கிட்டே இருக்கு."

மெயில் நான் எழுதவில்லை. மாமாவிடம், "ரொம்பக் கறாரான ஆளுகளுங்க மாமா, டாலரன்ஸே இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் டாலரன்ஸ் இல்லை என்று நான் சொன்ன ஒரே இடம் அதுதான். இரும்புக்கடைப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மாமாவே முன்னால் நின்று மொய் எழுதிவிட்டு வந்தார்.

படிப்பு முடிகிற சமயம் அவளுடைய பேராசிரியர் தன் ஆய்வகத்திலேயே இருந்துவிடும்படி கேட்டார். அக்காவுக்கு அங்கே இருக்க ஆசையில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கதவைத் திறந்தால் எங்கே போகிறாய் என்று கேட்காத ஊர் அது. இங்கே கம்பெனியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எவன் வந்து பார்க்கப் போகிறான், மெதுவாகச் சமாளித்துக்கொள்ளலாம், பையர் ஆடிட்டுக்கே நாம் பயப்படுவதில்லை என்றார்கள். எல்லாவற்றையும் மிஞ்சியது மாமாவின் போன். "நீ அங்கயே இரு. உன் விசாவுல அங்க வாரதுக்குத் தயாரா ஒரு பையன் இருக்கான், நல்ல குடும்பம். வராத, நான் சொல்லுதேன்லா!" வா வா என்று அழுதவர் இப்போது வராதே என்று அழுதார்.

அவள் வந்துவிட்டாள். "ஏனுங்க்கா இப்படி?" என்று நான் கோபித்துக்கொண்டேன். உண்மையிலேயே கோபம்தான். இவ்வளவு பெரிய வாசலை இவளே ஏன் சாத்திக்கொண்டு வருகிறாள் என்று இருந்தது.

"கையெழுத்துப் போட்டேன்லா" என்றாள். நான் விடவில்லை. அப்போது இன்னும் கொஞ்சம் சொன்னாள். "அந்தப் படிப்பை அவுங்க எனக்குக் குடுக்கலட்டி. இந்த ஊருக்குக் குடுத்தாங்க. நான் கூரியர். கூரியர்க்காரன் சேம்பிளைப் பிரிச்சு வீட்ல வச்சுக்கிட்டான்னா நீ சும்மா இருப்பியா?"

எங்கள் பக்கத்துச் சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆய்வகத்தில் சேர்ந்தாள். காலையில் ஸ்கூட்டரில் போவாள். சாயங்காலம் கைநகத்தில் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். அங்கேயும் அதே கதைதான். தொட்டிக்குத் தொட்டி சாம்பிள் எடுக்க வேண்டும் என்றால் தொட்டிக்குத் தொட்டி எடுப்பாள். முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு அவள் கையெழுத்து இருந்தால் போதும் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள். படித்ததை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தாள். தன் வேலையைப் பற்றி அந்த வெளிநாட்டு அம்மாளுக்கு ஒழுங்காக எழுதிப் போட்டுக்கொண்டும் இருந்தாள்.

மாமா விடவில்லை. விசாப் பையன் போய், பல்லடத்தில் நூல் ஏஜென்சி வைத்திருக்கிற பையன் வந்தான். அக்கா மறுபடியும் காகிதத்தை எடுத்துக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷக் கணக்கு இன்னும் முடியல மாமா. குடும்ப நிலை மாறினா அவுங்களுக்குத் தெரியப்படுத்தணும். அந்தக் கணக்கு முடியட்டும்." மாமா பெருமூச்சு விட்டுவிட்டு, வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டே போவார்.

"கல்யாணம் பண்ணக் கூடாதுன்னா அதுல போட்டிருக்குது?" என்று நான் சீண்டுவேன்.

"போடல. அவுங்ககிட்டச் சொல்லணும்னுதான் போட்டிருக்கு. மாமா அதைக் கேக்கலையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவளுக்கு முன்னால் நின்று அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது அந்தக் காகிதம்தான். கடல் தாண்டி யாரோ எழுதிய சட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் அவள் தன் வீட்டில் மூச்சு விட்டாள். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்தான்; பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. அது முடிகிற அன்றைக்கு இவள் எதைக் காட்டுவாள்? ஊசி முனைக்காக ஒரு ஃபேக்டரியையே நிறுத்தியவள், தனக்காக ஒரு வார்த்தை தானே சொல்லி நான் பார்த்ததே இல்லை. அவளிடம் இதை ஒருமுறை கேட்டேன். "பாப்போம்" என்றாள். அக்கா வாயில் 'பாப்போம்' என்ற வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அவள் இந்த ஊரில் இல்லை. வேறொரு மாநிலத்தில் வேறொரு ஆற்றின் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். அவளாகத் தேடிக்கொண்ட வேலை. யாரும் அனுப்பவில்லை, யாரும் போகாதே என்று பிடித்து நிறுத்தவுமில்லை. நான் இப்போதும் தலைவலி மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு, பாதியில் மடித்து வைத்துவிடுகிறேன். ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய இரண்டு வருஷம் முடிந்திருந்தது. உங்கள் கடமை நிறைவேறியது, வாழ்த்துகள் என்று அந்த வெளிநாட்டு அம்மாளும் எழுதிவிட்டாள். சர்ச் முடிந்து, அவள் வீட்டில் எனக்கு மத்தியானச் சாப்பாடு. சீலா மீன் குழம்பு. எப்படி மோப்பம் பிடித்தாரோ, நாங்கள் இலையில் உட்காரும்போதே மாமாவும் வந்துவிட்டார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலே அக்காவின் அப்பா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா குழம்புக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"ரெண்டு வருஷம் முடிஞ்சிட்டுல்லா?" என்றார் மாமா. அதட்டல் இல்லை; சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"முடிஞ்சிட்டு மாமா."

"இனிமே அந்த அம்மாகிட்ட எதுக்கும் அனுமதி கேக்க வேண்டாம்லா?"

"வேண்டாம்."

"அப்ப அடுத்த வாரம் நூல் ஏஜென்சிக்காரங்களை வரச் சொல்லிருதேன். ஊர்லயும் ஓலைக்குச் சொல்லிருவோம்."

நான் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. அக்காவின் விரல் இலை ஓரத்தில், ஏதோ வரியைத் தேடுவது போல, ஒரு தடவை முன்னும் பின்னும் போனது. அங்கே எந்த வரியும் இல்லை.

"வேண்டாம் மாமா. எனக்கு அதுல சம்மதம் இல்ல" என்றாள்.

மாமா முதலில் புரியாமல் சிரித்தார். "என்னட்டி, இன்னும் ஏதும் ரூலு பாக்கி இருக்கா?"

"எதுவும் பாக்கி இல்ல."

"பின்ன என்ன தடை? எதுல எழுதியிருக்கு?"

அடுப்படி வாசலில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அக்கா ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். எந்தக் காகிதத்தையும் எடுக்கப் போகவில்லை. மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"எதுலயும் எழுதல மாமா" என்றாள். "நான் சொல்லுதேன்லா."